மௌனத்தால் யாருக்கு லாபம்?



கடைத்தெருவில் பணப்பையைப் பறிகொடுத்தவன் "திருடன், திருடன்!" என்று கூவுகிறான், நாலு பேர் ஓடி வருகிறார்கள். தொலைபேசியில் பறிகொடுத்தவனோ வீட்டாருக்கும் தெரியாமல் மறைத்துவிடுகிறான். இரண்டும் திருட்டே. அப்படியிருக்க, ஏமாந்தவன் தன் நஷ்டத்தை வெளியே சொல்லாதிருப்பது அவன் சொந்த விஷயந்தானா? அல்லது பிறருக்குச் செய்யவேண்டிய கடமையில் தவறுவதாகுமா? இதைச் சற்று யோசிப்போம்.

"வருமான வரி இலாகாவிலிருந்து பேசுகிறேன். உம் பேரில் பாக்கி இருக்கிறது. மாலைக்குள் கட்டாவிட்டால் போலீஸ் வரும். போனை வைக்காதே; யாரிடமும் சொல்லாதே." இதுதான் அவர்கள் பாடம். 2016-ம் ஆண்டு அக்டோபரில் தாணே போலீசார் மும்பையை அடுத்த மீரா ரோடில் சில அலுவலகங்களைச் சோதனையிட்டபோது, நம் நாட்டு வாலிபர்கள் நூற்றுக்கணக்கானோர் அங்கே அமர்ந்து, அமெரிக்க வரி அதிகாரிகள்போல் பேசிப் பணம் பறித்தது அம்பலமாயிற்று. இத்தகைய மோசடியில் அமெரிக்காவில் 15,000-க்கும் மேற்பட்டோர் பணம் இழந்ததாக அந்நாட்டு நீதித்துறை கூறியது. அவர்களில் முதியோரும், பிழைக்க வந்த பிறநாட்டாரும் அநேகர். 2018 ஜூலையில் 21 பேருக்கு அங்கே சிறைத் தண்டனை கிடைத்தது. சிலருக்கு 20 வருஷம் வரை. அன்று கடல் கடந்து சென்ற அதே தந்திரம் இன்று நம் வீட்டு முற்றத்துக்கே வந்திருக்கிறது.

இதில் வீழ்ந்தவர்களை மூடர் என்பது நியாயமல்ல. சட்டத்துக்கு அஞ்சுவது நல்ல குணம். அந்த நல்ல குணத்தையே கயவன் கயிறாகத் திரித்துக் கழுத்தில் மாட்டுகிறான். ஆகவே சட்டத்தை மதிப்பவன் அதன் உண்மையான அடையாளத்தையும் அறிந்திருக்கவேண்டும். சுவிசேஷத்தில் வரும் மத்தேயு ஊரறிய ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தார். மெய்யான அதிகாரத்துக்கு இடமுண்டு, எழுத்துண்டு, ரசீதுண்டு. மதுரைக்கும் பீபிகுளத்தில் வருமான வரி அலுவலகம் இருக்கிறது. இலாகா அனுப்பும் கடிதங்களில் அதற்கென ஓர் அடையாள எண் இருக்கவேண்டுமென்று 2019 அக்டோபர் 1 முதல் விதி செய்யப்பட்டது. அதை இலாகாவின் வலைத்தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். வங்கி ரகசிய எண்ணையோ ஓ.டி.பி.யையோ இலாகா கேட்பதில்லை. போனிலேயே கைது செய்வது, அதாவது "டிஜிட்டல் அரெஸ்ட்", நம் சட்டத்தில் கிடையாது என்று 2024 அக்டோபர் 27 அன்று பிரதம மந்திரியே வானொலியில் எச்சரித்தார்.

இன்னொன்றையும் மனச்சாட்சியைத் தொட்டுக் கேட்டுக்கொள்வோம். கட்டவேண்டிய வரியை மறைத்தவனுக்குத்தான் இந்தக் குரல் அதிகம் நடுக்கந்தரும். "கொஞ்சம் கொடுத்தால் சத்தமில்லாமல் முடித்துவிடலாம்" என்று கயவன் சொல்லும்போது, அதற்கு இசைபவன் சட்டத்தை விலைக்கு வாங்கவும் துணிகிறான் அல்லவா? செலுத்தவேண்டியதைச் செலுத்தி, ரசீதைப் பத்திரப்படுத்தியவன் "எழுத்தில் அனுப்பும், பார்க்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிடலாம்.

சரி, பணம் போய்விட்டது. இனிச் சொல்லி என்ன பயன்? பயனுண்டு. 1930 என்ற எண்ணுக்கு உடனே அறிவித்தால், பணம் கைமாறிக்கொண்டிருக்கும்போதே வங்கிகள் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. நாழிகை செல்லச் செல்ல அந்த வாய்ப்புக் குறையும். பணம் போகாவிட்டாலும், வந்த அழைப்பைப்பற்றி அரசின் "சஞ்சார் சாத்தி" தளத்தில் தெரிவிக்கலாம். போன பணம் மீளாமலே போகலாம். ஆயினும் அந்தத் திருடன் நாளைக்கு அழைக்கப்போவது அடுத்த தெரு விதவையையோ, ஓய்வூதியம் வாங்கும் முதியவரையோ. கிணற்றில் விழுந்து கரையேறியவன், வருகிறவர்களுக்குச் சொல்லாமல் போகலாமா?

"மானம் போய்விடுமே" என்பீர்கள். மானமிழந்தவன் திருடினவனேயன்றி, இழந்தவனல்ல. ஆனால் அந்தப் பயத்தை வளர்ப்பது பெரும்பாலும் நம் வீடுகளே. "படித்தும் புத்தியில்லையே" என்று மகன் ஏசுவான், மருமகள் சிரிப்பாள் என்று அஞ்சியே பாட்டி வாய் திறப்பதில்லை. அப்படி ஏசுகிறவன் தானறியாமலே திருடனுக்குக் காவல் நிற்கிறான்.

ஆகையால் குடும்பத் தலைவர்களே, இன்று இரவு சாப்பாட்டுக்குப்பின் பெரியோரையும் பிள்ளைகளையும் உட்காரவைத்து இதைப் பேசுங்கள். 1930 என்ற எண்ணைக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். "எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், ஒருவரும் கோபிக்கமாட்டோம்" என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.