பிள்ளை கற்பிக்கும் பாடமும் பெரியோர் ஏற்கும் நோன்பும்

மேல்வகுப்பு மாணவர் சிலர் ஒன்றுகூடி, தம்மினும் நான்கைந்து வயது இளைய சிறார்க்குப் புகைப்பழக்கத்தின் தீமையை எடுத்துச் சொல்லும் செயல்திட்டம் ஒன்றை மேற்கொள்கின்றனர் எனக் கொள்வோம். படம் வரைகின்றனர், சிறு நாடகம் நடிக்கின்றனர், வினாவிடை நடத்துகின்றனர். காணும் பெரியோர் கைதட்டி மகிழ்வர். கடலூரிலும் சிதம்பரத்திலும் பல்லாண்டுகள் ஆசிரியப் பணி புரிந்த நாமும் அவ்வாறு மகிழ்பவர்தாம். ஆயினும் அம்மகிழ்ச்சிக்குப் பின்னே ஓர் அறவினா மறைந்துள்ளது. "தீயதைத் தொடாதே" என்று சிறுவரைக் கொண்டு சிறுவர்க்குச் சொல்வித்துவிட்டால், பெரியோராகிய நம் கடமை முடிந்துவிடுமா? அன்றி, அங்கேதான் அது தொடங்குகின்றதா? இதனை வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகின்றோம்.

சட்டாம்பிள்ளை மரபு

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிப்பது புதுமையன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என ஒருவன் இருந்தான். ஆசானிடம் தான் கற்றதை, மணலில் எழுத்தைக் கீறி அவன் சிறுவர்க்குக் கற்பித்தான். சென்னை எழும்பூரில் 1789-ஆம் ஆண்டு முதல் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, மூத்த மாணவரைக் கொண்டு இளையோர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் இல்லத்தில் வளர்த்தார். தாயகம் திரும்பிய பின், 1797-இல் அதனைப் பற்றி நூல் ஒன்றும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயருடன் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிற்று. ஆசிரியப் பயிற்சி பெற்றோர் பலரும் கல்வி வரலாற்றில் பயின்ற செய்தி இது.

இம்முறையின் ஆற்றல் எதில் உள்ளது? ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஆசிரியர் எட்டாத் தொலைவில் நிற்பவர். பதினான்கு வயது மாணவனோ, தான் நாளை ஆகப்போகும் உருவம். "பெரியவன் ஆனால் புகைக்கலாம்" என்று சிறுவன் மனத்தில் ஓர் எண்ணம் இருக்குமாயின், அந்தப் பெரியவனே எதிரில் நின்று, "நான் புகைப்பதில்லை; புகைக்கவும் மாட்டேன்" என்று கூறும்போது அவ்வெண்ணம் தளர்ந்துவிடுகின்றது. நூறு அறிவுரைகள் செய்ய இயலாததை அவ்வொரு சொல் செய்யும்.

இதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2004 முதல் 2006 வரை சென்னையிலும் தில்லியிலுமாக 32 பள்ளிகளில், ஆறாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு மாணவரிடையே 'மைத்ரி' என்னும் பெயரில் ஓர் ஆய்வுத் திட்டம் நடைபெற்றது. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் அமைந்த பெயரே எனினும், எவ்வுயிரிடத்தும் நட்பு என்னும் பொருளுடைய மைத்திரியை அது நமக்கு நினைவூட்டுகின்றது. ஆசிரியரோடு, வகுப்பிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவத் தலைவர்களும் பாடங்களை நடத்தினர். பெற்றோர்க்கும் செய்தி அனுப்பப்பட்டது. இரண்டு ஆண்டுகளில், திட்டம் நடைபெறாத பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 68 விழுக்காடு உயர்ந்திருந்தது. நடைபெற்ற பள்ளிகளில் 17 விழுக்காடு குறைந்திருந்தது.

திட்டத்தின் தொடக்கத்தில் எடுத்த கணக்கு ஒன்று நம்மைத் திடுக்கிட வைப்பது. புகையிலையை ஒரு முறையேனும் பயன்படுத்தியவர் எட்டாம் வகுப்பில் 9.3 விழுக்காட்டினர், ஆறாம் வகுப்பிலோ 24.8 விழுக்காட்டினர். இளையோரே மூத்தோரினும் மிகுதி! 2019-இல் நாடு முழுவதும் 13 முதல் 15 வயது மாணவரிடையே நடந்த கணக்கெடுப்பும் இதனையே வேறு வகையில் உணர்த்துகின்றது. பீடி புகைத்தவருள் 47 விழுக்காட்டினரும், சிகரெட் புகைத்தவருள் 38 விழுக்காட்டினரும் பத்து வயது நிரம்புமுன்பே தொடங்கியவர்கள். ஆகவே நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இப்பாடம் எதற்கு என வினவுவோர், காலம் கடந்து வினவுகின்றனர்.

அச்சமா, வாய்மையா?

கற்பிக்க வேண்டும் என்பது தெளிவு. எவ்வாறு கற்பிப்பது? பாடக்குறிப்பு எழுதும் ஆசிரியர் முதலில் எண்ண வேண்டியது இதுவே. "ஒரு முறை புகைத்தால் இறந்துவிடுவாய்" என அச்சுறுத்துவது எளிது. ஆனால் அது பொய். எண்பது வயதிலும் சுருட்டுப் பிடிக்கும் தாத்தாவைச் சிறுவன் தன் வீட்டிலேயே காண்கின்றான். நாம் கூறிய ஒரு பொய்யைக் கண்டுகொண்ட பிள்ளை, நாம் கூறிய ஒன்பது மெய்களையும் கைவிட்டுவிடுவான். நன்னோக்கம் உடையது என்பதால் பொய் வாய்மையாகிவிடாது.

உண்மையே போதுமான அளவு கடுமையானது. நம் நாட்டில் புகையிலையால் ஆண்டுதோறும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். புகையில் உள்ள நிகோடின் சில நொடிகளில் மூளையை அடைந்து, மீண்டும் மீண்டும் அதனையே நாடச் செய்கின்றது. பீடி சிறியது; ஆயினும் அதன் தீங்கு சிறியதன்று. புகைப்பவர் மட்டுமன்றி, அவர் அருகில் மூச்சு விடும் குழந்தையும் அந்நஞ்சை உட்கொள்கின்றது. பிறவுயிர்க்கு ஊறு செய்யாமை என நாம் போற்றும் அறம், இவ்விடத்தில் நேராகவே தீண்டப்படுகின்றது.

பாடம் முடிந்து குழந்தை வீடு திரும்புகின்றது. தந்தையின் சட்டைப்பையில் சிகரெட்டுப் பெட்டி இருக்கின்றது. "அப்பா, நீங்கள் செத்துப்போவீர்களா?" என்று அது கேட்கும். இக்கேள்வியைக் குழந்தையின் நாவில் வைத்தவர் யார்? நாம்தாம். அச்சத்தை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் அக்குழந்தைக்குக் கொடுமை இழைத்தவர் ஆவோம். தந்தையை இகழக் கற்பித்திருந்தால் அதனினும் பெருங்கொடுமை.

அச்சத்தோடு நம்பிக்கையையும் கொடுத்தல் வேண்டும். அதற்கும் உண்மையே துணை நிற்கின்றது. இங்கிலாந்தில் ரிச்சர்டு டால் என்னும் அறிஞர், 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தையும் இறப்பையும் தொடர்ந்து ஆராய்ந்த குழுவின் முதல்வர். வாழ்நாள் முழுவதும் புகைத்தவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தனர் என அக்குழு 2004-இல் அறிவித்தது. அவ்வறிக்கையில் மற்றொன்றும் உண்டு. முப்பது வயதில் விட்டவர் அப்பத்து ஆண்டுகளையும் ஏறத்தாழ முழுமையாக மீட்டனர். நாற்பதில் விட்டவர் ஒன்பது, ஐம்பதில் விட்டவர் ஆறு, அறுபதில் விட்டவரும் மூன்று ஆண்டுகளை மீட்டனர். "அப்பா, இன்று விட்டாலும் பயன் உண்டாம்" என்று சொல்லக் கற்ற குழந்தை, தந்தைக்கு நீதிபதி ஆகாது, நட்பாகும்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஒரு தீவினை மூன்று வழிகளில் ஒருவரைப் பற்றும் என்பது நம் முன்னோர் வகுத்த நுண்மையான நெறி. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என்பன அவை. இந்த உரைகல்லில் புகைப்பழக்கத்தை உரைத்துப் பார்ப்போம்.

சிறுவரிடம் நாம் கேட்பது முதலாவதை மட்டுமே: "நீ செய்யாதே." பெரும்பாலான பிள்ளைகள் இதனை மனமார ஏற்கின்றனர். மற்ற இரண்டும் பெரியோர் கையில் உள்ளன.

"முக்குக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வா" எனத் தந்தையோ மாமாவோ பிள்ளையை அனுப்புவது செய்வித்தல். காலையில் பள்ளியில் "தொட மாட்டேன்" என்று உறுதி சொன்ன கை, மாலையில் அதனையே சுமந்து வருகின்றது. மறுத்தால் அடியும் விழலாம். அப்பிள்ளைக்கு நாம் அறம் கற்பித்தோமா, அடி வாங்கித் தந்தோமா?

சட்டம் இவ்விரண்டு படிகளை ஓரளவு எட்டியுள்ளது. 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்க்கு விற்பதையும், அவர் கையால் விற்பதையும், கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் விற்பதையும் தடுக்கின்றது. அதற்குத் தண்டம் 200 ரூபாய் வரை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவோ, குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவரை மட்டுமன்றிக் கொடுக்கச் செய்பவரையும் குற்றவாளியாக்கி, ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கின்றது. செய்தலையும் செய்வித்தலையும் சட்டம் பிரித்தறிந்துள்ளமை காண்க.

மூன்றாவதாகிய உடன்படுதலைச் சட்டம் எட்ட இயலாது. திருமண வீட்டில் தாம்பூலத் தட்டோடு சிகரெட்டுத் தட்டையும் வைப்பது உடன்படுதல். பள்ளியை ஒட்டிய நம் கட்டடத்தில், என்ன விற்கப்படுகின்றது என்று கேளாமல் பெட்டிக்கடைக்கு வாடகை வாங்குவது உடன்படுதல். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைத்தல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் பேருந்து நிலையத்தில் கைக்குழந்தையின் அருகே ஒருவர் புகை விடும்போது, "நமக்கேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உடன்படுதலே. புகையைத் தீண்டாத நம்மில் பலர், நாம் தூயோர் என எண்ணியிருப்பது முதற்படியை மட்டும் பார்த்துத்தான்.

"இது காலங்காலமாக வரும் வழக்கம்" என்று கூறுவாரும் உளர். புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வழியே ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் புகுந்தது. பரங்கியர் பெயரைத் தாங்கிய பரங்கிப்பேட்டை, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையேதான் உள்ளது. நம் அறநெறிகளின் வயதோடு ஒப்பிட்டால் இவ்வழக்கம் நேற்று வந்தது.

"பீடி சுற்றும் ஏழைப் பெண்ணின் பிழைப்பு என்னாவது?" என்பது நேர்மையான கேள்வி. அப்பெண்ணை நாம் பழிக்கவில்லை. புகையிலைத் தூளோடு நாள் முழுதும் உழலும் அவளும் துன்புறுபவளே. அவளுக்கு மாற்றுத் தொழில் தேடித் தருவது அரசுக்கும் சமுதாயத்துக்கும் உள்ள கடன். அக்கடனைத் தீர்க்காதிருப்பதற்கு நம் பிள்ளைகளின் நெஞ்சை ஈடு வைத்தல் தகாது.

நாம் ஏற்கத்தக்கவை

ஆச்சாரிய துளசி அவர்கள் 1949-இல் தொடங்கிய அணுவிரத இயக்கத்தில், போதைப் பழக்கம் இன்றி வாழ்தலும் ஒரு விரதமாக வைக்கப்பட்டது. சிறு விரதம் என்பதன் பொருள், இல்லறத்தார் இயன்ற அளவில் உறுதியாக ஏற்பது. பள்ளிப் பிள்ளைகள் இச்செயல்திட்டத்தை நடத்தும்போது, பார்வையாளராக அமரும் பெற்றோரும் ஆசிரியரும் மூன்று சிறு விரதங்களை ஏற்கலாம். ஒன்று, எக்குழந்தையையும் பீடி, சிகரெட், புகையிலை வாங்கி வர அனுப்பேன். இரண்டு, குழந்தை இருக்கும் இடத்தில் புகைக்கவோ, புகைப்பதைப் பேசாமல் பொறுக்கவோ மாட்டேன். மூன்று, விட விரும்பும் ஒருவர்க்கேனும் துணை நிற்பேன். மூன்றாவதற்கு, 1800 11 2356 என்னும் தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

உலகப் புகையிலை எதிர்ப்பு நாள் மே 31. அந்நாளில் நம் பள்ளிகள் கோடை விடுமுறையில் இருக்கும். அதுவும் ஒரு வகையில் நன்மைக்கே. இப்பாடத்தை ஒருநாள் விழாவாக முடித்துவிடாமல், ஆண்டு முழுவதும் வகுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் தம் பங்கைச் செய்யச் சித்தமாக உள்ளனர். 'செய்யேன்' என்பது அவர்கள் சொல். 'செய்வியேன், உடன்படேன்' என்பவை நாம் சேர்க்க வேண்டிய சொற்கள். அவ்விரண்டும் சேராதவரை, சுமக்க முடியாத பாரத்தைச் சிறு தோள்களில் ஏற்றிவிட்டு நாம் கைதட்டிக்கொண்டிருப்போம்.