அறிதலும் அபயமும்

அறியாமை துன்பத்திற்கு வித்து என்பது ஜைன அறத்தின் துணிபு. ஆயினும், மருந்தில்லா நோயின் பெயரை அறிவதால் துன்பம் குறையுமா? தீவிர சிகிச்சைப் பிரிவில் பச்சிளங்குழந்தையைக் கிடத்தியிருக்கும் பெற்றோர்முன் இவ்வினா இன்று எழுகிறது.

மரபணுக் கோளாறுகள் பல்லாயிரம். அறிகுறிகளோ ஒன்றையொன்று ஒத்தவை. ஒவ்வொன்றாகச் சோதித்தால் மாதங்கள் கழியும். இப்போது சிறிதளவு குருதியெடுத்து மரபணுத் தொகுதி முழுவதையும் சில நாள்களிலேயே ஆராய்ந்து விடுகின்றனர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2018 முதல் 2020 வரை, வருவாய் குறைந்தோர்க்கான அரசுக் காப்பீட்டின்கீழ், ஐந்து மருத்துவமனைகளில் 178 குழந்தைகளுக்கு இச்சோதனை நடந்தது. 76 குழந்தைகளின் நோய்க்காரணம் தெரிந்தது. 55 குழந்தைகளின் சிகிச்சை மாற்றப்பட்டது. இங்கிலாந்தும் 2022-இல் எக்சிடர் நகரில் இதற்கென நாடு தழுவிய சேவையைத் தொடங்கியது.

‘எல்லாம் வினைப்பயன், ஆராய்ந்து ஆவதென்ன?’ என்பார் நம்முள் உண்டு. வினையைக் காட்டி உதவாதிருத்தல் அறமாயின், நம் ஆன்றோர் ஔஷத தானத்தை விதித்திருப்பரோ? நோய் இன்னதெனத் தெரிந்தால், பயன்தராத அறுவையையும் வீண் சோதனைகளையும் நிறுத்தலாம். தேவையற்ற நோவைத் தவிர்ப்பதும் அகிம்சையே.

ஆயினும் எச்சரிக்கை வேண்டும். கலிபோர்னியாவில் 102 குழந்தைகளுக்கு விடை கிடைக்கவில்லை. சில மரபணு மாற்றங்கள் நோய் தருமா, தராவா என்பதும் தெளிவாவதில்லை. அங்கே மருத்துவர் ‘ஒருவகையில் இவ்வாறு இருக்கலாம்’ என்று சியாத்வாத நெறியில் உரைப்பதே வாய்மை. பெற்றோரின் மரபணுவும் உடன் ஆராயப்படுவதுண்டு. ‘தாய்வழி வந்தது’ என்னும் ஒரு சொல், சுற்றத்தார் வாயில் பழிச்சொல்லாக மாறக்கூடும். கலங்கி நிற்போரிடம் விளக்கமின்றிக் கையொப்பம் பெறுவது இசைவாகாது.

உணவு, மருந்து, ஞானம், அபயம் எனத் தானங்களை நான்காக வகுத்தனர் முன்னோர். மருந்து கைவிட்ட இடத்திலும் ஞானமும் அபயமும் எஞ்சி நிற்கின்றன. முடிவைத் தாளில் எழுதிக் கொடுத்து அகல்வது ஞானதானம் மட்டுமே. அருகமர்ந்து, பொருளை விளக்கி, ‘இது உங்கள் குற்றமன்று’ எனத் தேற்றி, குழந்தையின் நோவைத் தணிக்க இறுதிவரை உடனிருப்பதே அபயதானம். ஆகவே, இச்சோதனையைக் கொணரும் மருத்துவமனை, கருவியோடு தேற்றுவாரையும் கொணர்தல் வேண்டும். அபயமில்லாத அறிவைப் பெற்றோர் தலையில் சுமத்துதல், நாம் போற்றும் அருளறத்திற்கு ஒவ்வாது.