பார்த்துப் போடுங்க

"கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்." ஹெவி லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வாங்க வரும் ஓட்டுநர் டாக்டரிடம் சொல்லும் இந்த வாக்கியத்துக்குத் தமிழில் நேர் எதிரான இரண்டு பொருள். சொல்லுக்குச் சொல் எடுத்தால், கண்ணைப் பார், காதைப் பார், கைகாலை மடக்கிப் பார், அப்புறம் கையெழுத்துப் போடு என்றாகும். சொல்கிறவர் நினைப்பதும் கேட்கிறவருக்குப் புரிவதும் வேறு: ரொம்பப் பார்க்காமல் போடுங்கள். இரண்டில் எந்தப் பொருளை எடுத்துக்கொள்வது என்பதுதான் அந்த அறையில் நடக்கும் அறச்சிக்கல் முழுவதும்.

காரைக்கால் மாதிரி ஓர் ஊரில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. சுமார் 160 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் பேர், ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. கரைமேல் எந்தத் திசையில் வண்டியை விட்டாலும் அரை மணிக்குள் மாநிலம் மாறிவிடும். வாஞ்சூர்த் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றித் தார்ப்பாய் கட்டிக் கிளம்புகிற லாரி, காரைக்கால் மண்ணில் ஓடுகிற தூரம் கொஞ்சம். மீதியெல்லாம் நாகை, திருவாரூர், மயிலாடுதுறை, அதற்கும் அப்பால். பி.ஒய்.02 நம்பர் பலகைக்குப் பின்னால் ஸ்டியரிங் பிடித்திருப்பவர் எப்படிப்பட்ட கண்ணோடு வருகிறார் என்பது, இந்த ஊர் டாக்டரை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்கப்போகாத ஒருவருக்கு உயிர்ப் பிரச்சினை. இங்கே போடும் கையெழுத்தின் பலன் வெளியூரில் விளைகிறது.

எதிர்த்திசையில் வருகிற கணக்கும் உண்டு. சனிக்கிழமை விடிகாலை திருநள்ளாற்றில் நளன் குளத்தில் முழுக்குப் போட வருகிறவர்கள் ராத்திரியெல்லாம் வேனில் சாய்ந்து தூங்கி வருவார்கள். வேனில் தூங்காதவர் ஒருவர்தான். அவர்கள் குளித்து, எள் தீபம் ஏற்றி, வரிசையில் நின்று வெளியே வருவதற்குள் அவர் ஸ்டியரிங்மேல் காலைப் போட்டு ஒரு மணி நேரம் கண்ணயர்வார். சனி விலக வந்தவர்கள் அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தை நம்பித்தான் ஊர் திரும்புகிறார்கள்.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள, டாக்டர் கையெழுத்துப் போடும் படிவம் 1-ஏ இதையெல்லாம் கேட்பதில்லை. அதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்ப்பது நல்லது. சாதாரண ஹாரன் சத்தம் கேட்காத அளவு செவிட்டுத்தன்மை உண்டா? 25 மீட்டர் தொலைவில், நல்ல பகல் வெளிச்சத்தில், ஒரு காரின் நம்பர் பலகையைப் படிக்க முடிகிறதா? நல்ல பகல் வெளிச்சத்தில்! லாரித் தொழிலில் பாதி இரவில்தான் நடக்கிறது. மாலைக்கண் பற்றி ஒரு கேள்வி இருப்பது உண்மை. ஆனால் எத்தனை மணி நேரம் தூங்குகிறார், குறட்டையோடு மூச்சு நின்று நின்று எழுகிறாரா, இன்சுலின் போடுகிறாரா என்று கேட்க அதில் இடமில்லை.

இன்னொரு வேடிக்கை. புதிய சரக்கு லாரிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும்; அதற்குப் பிறகு ஆண்டுதோறும். அதை ஓட்டுகிற மனிதனின் உரிமத்தை 2019 திருத்தம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்கு நீட்டியது. அலைச்சல் குறைந்ததில் ஓட்டுநர்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஐம்பது வயது உடம்பு ஐந்து வருஷத்தில் மாறுகிற அளவு இரும்பு மாறுவதில்லை.

ஓர் ஓட்டுநரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது ஐம்பத்திரண்டு, இருபத்தைந்து வருஷமாக லாரி, மூன்று வருஷமாக இன்சுலின். சர்க்கரை இறங்கினால் முதலில் வியர்க்கும், கை நடுங்கும், அப்புறம் மண்டை குழம்பும். குழம்பிய பிறகு குழம்பியிருக்கிறோம் என்பதே தெரியாது. இது அவருக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. கிளீனர் பையன் பார்த்துச் சட்டென்று டீக்கடையில் நிறுத்தச் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து டிரிப் இருக்கும் நாளில் அவர் ஊசி போடுவதில்லை. சர்க்கரை ஏறியே இருக்கட்டும், இறங்காமல் இருந்தால் போதும் என்பது அவர் கண்டுபிடித்த வைத்தியம். அந்த வைத்தியம் விழித்திரையை மெல்ல அரிக்கும். இன்றைய மயக்கத்தை மறைக்க நாளைய பார்வையை விற்கிறார். அவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. அவர் கணக்குத் தெரிந்தவர்.

அந்தக் கணக்கு இப்படி. மற்றவர்களுக்கு ஆபத்தாகும் நோயோடு, தெரிந்தே வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆம் பிரிவு முதல் முறைக்கு விதிக்கும் அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் போவது லைசென்ஸ். அதாவது சம்பளம், படி, மகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டு வாடகை. பொய்க்கு ஆயிரம் ரூபாயும் உண்மைக்கு ஒரு குடும்பமும் விலை என்று வைத்துவிட்டு, ஓட்டுநர் உண்மை பேசவில்லை என்று அலுத்துக்கொள்வதில் என்ன நியாயம்?

இதைக் கேட்டதும் மனசு டாக்டரிடம் திரும்பும். பாவம், பிழைத்துப் போகட்டும் என்று போட்டுவிட்டால் என்ன? இங்கேதான் நிற்க வேண்டியிருக்கிறது. இரக்கம் என்றால் தன் கையிலிருந்து கொடுப்பது. டாக்டர் காட்டுகிற இந்த இரக்கத்துக்கான செலவு, எதிரே கறிகாய்ப் பையோடு சைக்கிளில் வருகிறவர் கணக்கில் ஏறுகிறது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்தவர் பணத்தில் தர்மம் செய்வதற்குத் தமிழில் நல்ல பெயர் கிடையாது.

2014 டிசம்பர் 22 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மாநகராட்சிக் குப்பை லாரி ஒன்று கிறிஸ்துமஸ் கூட்டத்துக்குள் புகுந்து ஆறு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் ஸ்டியரிங்கில் நினைவிழந்திருந்தார். நான்கு வருஷம் முன்பு பேருந்து ஓட்டுநராக இருந்தபோதும் அவர் ஸ்டியரிங்கில் மயங்கியவர். அந்த உண்மையை மருத்துவர்களிடமும் அடுத்த வேலைக்கான படிவங்களிலும் மறைத்தார் என்பது 2015-இல் நடந்த விசாரணையில் வெளிவந்தது. மருத்துவச் சோதனைக்கும் கண்காணிப்புக்கும் குறைவில்லாத நாடு அது. ஆனாலும் வேலை போய்விடுமோ என்ற பயம் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் பேசும், ஒரே மாதிரிதான் வாயை மூடும்.

கையெழுத்துக் கண்டிப்பானதாக இருந்தாக வேண்டும் என்பதில் அதனால் பேரம் இல்லை. கண்டிப்பு மூடத்தனமாக இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருளும் இல்லை. சிவப்பு பச்சை பிரித்தறிவதில் குறை இருந்தாலே உரிமம் இல்லை என்றிருந்த நிலை மாறி, லேசான, நடுத்தர அளவிலான நிறக்குறை உள்ளவர்களுக்கு 2020-இல் வழி திறக்கப்பட்டது. அதுவரை திருப்பி அனுப்பப்பட்டவர்களில் எத்தனையோ பேர் விபத்தின்றி ஓட்டியிருக்கக்கூடியவர்கள். இன்சுலின் போடுகிறவர் லாரி ஓட்டப் பொதுவாகத் தடை வைத்திருந்த பிரிட்டன் 2011-இலும் அமெரிக்கா 2018-இலும் அந்தக் கதவைத் திறந்தன. ஆண்டுதோறும் சோதனை, சர்க்கரை அளவுப் பதிவுகளைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். அந்த ஐம்பத்திரண்டு வயது ஓட்டுநர் அங்கே இருந்தால் மறைக்கக் காரணம் பாதியாகக் குறைந்திருக்கும். இங்கே படிவம் கேட்பது ஆம் அல்லது இல்லை. நடுவில் ஒன்றும் இல்லாதபோது ஜனங்கள் நடுவை வாய்மொழியாக உண்டாக்கிக்கொள்கிறார்கள். அதன் பெயர்தான் "பார்த்துப் போடுங்க."

நோயாளி சொன்னதை வெளியே சொல்லலாமா என்ற கேள்வி, நினைப்பதைவிடச் சின்னது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளே, ஒருவருக்கோ சமூகத்துக்கோ தெளிவான பெரிய ஆபத்து இருந்தால் ரகசியத்தை உடைக்க இடம் தருகின்றன. பொய்ச் சான்றிதழை அதே விதிகள் ஒழுங்கீனம் என்கின்றன. சட்டத்தில் தடையில்லை. தடை வேறெங்கோ இருக்கிறது: கையெழுத்து மறுக்கப்பட்ட பிறகு அந்த மனிதர் எங்கே போவார் என்பதில்.

அரசுப் பேருந்து ஓட்டுநருக்கு ஒரு பதில் இருக்கிறது. பணியில் இருக்கும்போது ஊனம் நேர்ந்த ஊழியரை அரசு நிறுவனம் வெளியேற்றவோ தரம் இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. நிறக்குருடு என்று சோதனையில் தெரிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட தெலங்கானா அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு, பொருத்தமான வேறு வேலை தரச் சொல்லி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆகவே அரசுக் கழகத்துப் பேருந்து ஓட்டுநர் கண் மங்குகிறது என்று வாய்விட்டுச் சொல்லலாம். டிப்போவில் ஒரு நாற்காலி கிடைக்க வழியுண்டு. அதே சாலையில் பின்னால் வருகிற லாரிக்காரருக்கு அந்த நாற்காலி இல்லை. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று எழுதிவைத்த 1961-ஆம் ஆண்டுச் சட்டமே, ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத்தான் பொருந்தியது. ஒரே லாரி வைத்து ஓட்டும் முதலாளியின் வண்டி அன்றைக்கே அதன் கண்ணில் படவில்லை.

இரண்டு பேரும் ஒரே படிவத்தில் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். ஒருவருக்கு உண்மை பேச வசதி இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை. வாய்மைக்கு இவ்வளவு ஏற்றத்தாழ்வோடு விலைவைத்துவிட்டு, எல்லோரிடமும் ஒரே மாதிரி எதிர்பார்ப்பது கொஞ்சம் வெட்கங்கெட்ட காரியம். லாரியில் சரக்கு ஏற்றி அனுப்புகிறவர் எடைமேடைக்குக் கொடுக்கிறார், சுங்கச்சாவடிக்குக் கொடுக்கிறார், தார்ப்பாய்க்குக் கொடுக்கிறார். ஓட்ட முடியாமல் போன ஓட்டுநருக்காக லோடு ஒன்றுக்குச் சில ரூபாய் எடுத்துவைப்பது என்றால் மட்டும் அதைத் தொழிலுக்கு ஆகாத பேச்சு என்பார்கள். எடைமேடையில் சீட்டு எழுதவும், கேட்டில் வண்டி எண் குறிக்கவும், யார்டில் பையன்களுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்கவும் இருபத்தைந்து வருஷ அனுபவம் வீணாகாது.

படிவம் 1-ஏ-வின் கடைசியில் ஒரு வரி உண்டு. விண்ணப்பதாரர் கீழ்க்கண்ட காரணங்களால் உரிமம் பெறத் தகுதியற்றவர் என்று சொல்லி, காரணம் எழுத இடம் விட்டிருக்கிறது. நேர்மையான டாக்டர் ஒருவர் அந்த இடத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீட்டுவது அந்த ஓட்டுநரின் கையில். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்குகிறார். லோடு ஏற்றிய வண்டி ரோட்டோரம் நிற்கிறது.