அறத்தொடு நிற்கும் வயது

“யார்கிட்டயும் சொல்லிராத, சத்தியம் பண்ணு.” காரைக்குடியில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் நள்ளிரவை ஒட்டி இப்படி ஒரு செய்தி அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் இருப்பவன் அவள் வயதுக்காரன். டியூஷனில் பழக்கமாகிக் காதலானவன். இரண்டு மாதமாக அவளுக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி மனதில் நிற்பதில்லை. இதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவள் வீட்டுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: எந்நேரமும் பிள்ளை போனும் கையுமாக இருக்கிறது. இப்போது அவள் உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்கிறாள். அவன் சத்தியம் பண்ணிவிடுகிறான். காதலிக்கிற பையன் வேறென்ன செய்வான்?

அந்தச் சத்தியத்தை அவன் மீற வேண்டும் என்பது என் கட்சி. மீறுவதற்கு அவனுக்கு நாம் வழி விட்டிருக்கிறோமா என்பது அதைவிடக் கனமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன் அல்ல.

2021-இல் இந்தியாவில் தற்கொலையால் மாண்டவர்கள் 1,64,033 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டியது. அவர்களில் 18 வயது நிரம்பாதவர்கள் 10,732 பேர். அந்தப் பிள்ளைகளின் சாவுக்கு எழுதப்பட்ட காரணங்களில் முதலில் குடும்பப் பிரச்சினை, அடுத்துக் காதல், மூன்றாவதாக நோய். நாம் அதிகம் பேசுகிற பரீட்சைத் தோல்வி இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வருகிறது. இந்த வரிசையை நான் அப்படியே நம்புவதில்லை. காரணம் எழுதப்படுவது காவல் நிலையத்தில். சொல்பவர்கள் துக்க வீட்டார். மருத்துவரையே பார்த்திராத பிள்ளைக்கு மனச்சோர்வு இருந்தது என்று யார் எழுதுவார்கள்? போனில் ஒரு பையன் பேர் இருந்தால் காதல் என்று எழுதி முடித்துவிடலாம். நோய் இருந்த சுவடே இல்லாமல் போகும், பையன் மட்டும் ஊர் வாயில் நிற்பான்.

பெங்களூர் நிமான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு (2015–16) 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநோய் இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். மனநோய் உள்ளவர்களில் பத்தில் ஏழு பேருக்கும் மேல் சிகிச்சை எட்டவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தலைகாட்டுகின்றன என்பது உலகளவில் ஏற்கப்பட்ட கணிப்பு. ஆக முதல் காதலும் நோயின் முதல் வருகையும் ஒரே வயதில் வருகின்றன. ஒன்று மற்றொன்றால் வந்தது என்று நாம் முடிச்சுப் போட்டுவிடுகிறோம்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு பழைய பாட்டு உதவும். நம் சிவகங்கை மாவட்டத்தில் சிங்கம்புணரிப் பக்கம் பிரான்மலை இருக்கிறது. பாரியின் பறம்பு அதுதான் என்பார்கள். பாரியின் நண்பர் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டைப் பள்ளிக்கூடத்தில் 99 பூக்களின் பட்டியலாகப் படித்துவிட்டு மறந்துபோனோம். அதன் 261 அடிகளும் ஒரே பேச்சு. மகள் மெலிந்துபோகிறாள். நோய் என்னவென்று தெரியாமல் வீட்டார் அறிந்தவர்களைக் கேட்கிறார்கள், தெய்வங்களுக்குப் பூசை போடுகிறார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் தோழி செவிலித்தாயிடம் போய் நடந்ததை எல்லாம் சொல்கிறாள், கோபம் வரும் என்று தெரிந்தேதான். ஒளித்த காதலை ஒருத்தி வெளியே சொல்வதற்கு இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் அறத்தொடு நிற்றல். காட்டிக்கொடுத்தாள் என்று அவளை யாரும் பழிக்கவில்லை.

அந்த மரபில் எனக்கு வியப்பான பாத்திரம் தோழி அல்ல, செவிலி. தோழி நேரே பெற்ற தாயிடம் போவதில்லை, தகப்பனிடமோ தமையனிடமோ போவதே இல்லை. அவள் செவிலியிடம் சொல்வாள், செவிலி நற்றாயிடம் சொல்வாள், அதன்பின்தான் ஆண்கள் காதுக்குப் போகும். செவிலி வளர்த்தவள், வீட்டில் அவள் பேச்சு எடுபடும், ஆனால் மானம் போயிற்று என்று முதலில் குதிக்க வேண்டிய இடத்தில் அவள் இல்லை. உண்மை ஒரு வீட்டுக்குள் உடையாமல் நுழைய அப்படி ஒரு ஆள் வேண்டும் என்று அந்தப் பழைய மனிதர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று காரைக்குடியில் செவிலி யார்? வளவும் பட்டாலையும் இரண்டாம் கட்டுமாக இருந்த வீடுகளில் ஆச்சியோ அப்பத்தாவோ விதவையான ஒரு அத்தையோ இருந்தார்கள். பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் தாயும் தகப்பனும் மட்டும் உள்ள அடுக்கு வீட்டில் வளர்கிறார்கள். பழைய வீடுகளைப் போற்ற இதைச் சொல்லவில்லை. சித்தம் கலங்கியவர்களை ஊர் கண்ணில் படாமல் பின்கட்டில் வைத்துக்கொள்ளவும் அந்த வீடுகள் வசதியாகத்தான் இருந்தன. ‘வீட்டுல ஒண்ணு இப்படின்னா தங்கச்சிக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்’ என்ற பயம் அன்றும் உண்டு, இன்றும் குறையவில்லை.

குறிஞ்சிப்பாட்டுக்கும் நம் கதைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே நோய்க்குக் காரணம் காதல், பெரியவர்களுக்கு அது தோன்றவே இல்லை. இங்கே நோய் தானே வந்தது, பெரியவர்களுக்குக் காதலைத் தவிர எதுவும் தோன்றுவதில்லை. போனைப் பிடுங்குகிறார்கள், டியூஷனை நிறுத்துகிறார்கள், வெளியூர் மாமா வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவள் பேச்சைக் கேட்க இருந்த ஒரே ஆளும் போய்விடுகிறான். நோய் மட்டும் கூடவே போகிறது. சொன்னால் இதுதான் நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருப்பதால்தான் அந்தச் சத்தியமே பிறக்கிறது. காதலைச் சொல்ல முடியாத வீட்டில் நோயையும் சொல்ல முடியாது. இரண்டையும் பிள்ளைகள் ஒரே மூட்டையில் கட்டி ஒளித்துவிடுகிறார்கள்.

பெரியவர்கள் நடுவில் நின்று வழியை அடைத்ததற்குக் கணித மேதை ராமானுஜன் வாழ்க்கையிலேயே சாட்சி இருக்கிறது. 1909-இல் அவரை மணந்தபோது ஜானகிக்குப் பத்து வயது. 1914-இல் ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். 1918 தொடக்கத்தில், உடல்நோயும் தனிமையும் மனச்சோர்வும் சேர்ந்து அழுத்த, லண்டனில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அங்கே அவரோடு பணியாற்றிய கணிதவியலாளர் ஹார்டி தலையிட்டுப் போலீசிடமிருந்து மீட்டார். அப்போது ஜானகிக்கு வயது பதினெட்டு. இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் மாமியார் கையில் நின்றுபோயின என்று பின்னாளில் ஜானகி சொன்னதை வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். ஊர் திரும்பிய கணவனுக்கு 1920 ஏப்ரலில் அவர் இறக்கும்வரை பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தது அந்தப் பெண்தான். முறைப்படி தாலி கட்டிய மனைவிக்கே கடிதம் போய்ச் சேரவில்லை. டியூஷன் காதலனுக்கு என்ன இடம் இருக்கும்?

தம்பி, இனி உன்னிடம் நேராகவே பேசுகிறேன். காதல் மருந்து இல்லை. நீ விடிய விடிய விழித்துப் பேசினால் அவளுக்கு அந்த இரவு கழியும். நோய் அங்கேயே இருக்கும். சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயப்படாதே; அப்படி ஆவதில்லை என்பது தற்கொலைத் தடுப்பில் உழைப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியதே இப்படி மனம்விட்டுப் பேச ஒரு இடம் வேண்டும் என்றுதான். ‘உனக்கென்ன குறைச்சல்’ என்று வாதாடாதே. ஆமாம் என்று அவள் சொன்னால் அந்த மணி நேரத்திலேயே ஒரு பெரியவரிடம் சொல். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதே.

யாரிடம்? அவள் அண்ணனிடம் வேண்டாம். சாதி வேறாக இருந்தால் அந்த ஒரு போன் உனக்கும் அவளுக்கும் என்னென்ன கொண்டுவரும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உன் அம்மாவிடம் சொல், அல்லது டியூஷன் எடுக்கும் அக்காவிடம் சொல்லி, அவரை அவள் அம்மாவோடு பேசச் சொல். ஒருவரும் அமையாமல் நீயே பேச வேண்டி வந்தால், “நான் யாருன்னு அப்புறம் கேளுங்கம்மா. இன்னிக்கு ராத்திரி அவளைத் தனியா மட்டும் விட்றாதீங்க” என்று சொல், இது போதும். மனநல உதவிக்கான 14416 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது, காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் கூப்பிட வேண்டும் என்பதில்லை. என்ன செய்வது என்று நீயும் கேட்கலாம். அவள் உன்மேல் கோபப்படுவாள். ஒரு மாதம் பேசாமல்கூட இருக்கலாம். கோபப்பட அவள் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறாய்.

ரகசியமாகவே வைத்தியம் பார்த்துக்கொள்ள முடியாதா என்றால், முடியாது. 18 வயதுக்குக் கீழே பாதுகாவலர் சம்மதம் வேண்டும். அதுபோக, மனச்சோர்வு மாத்திரைகள் விழுங்கிய மறுநாள் வேலை செய்பவை அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இளம் வயதினருக்கு இந்த மாத்திரைகளைத் தொடங்கிய முதல் வாரங்களில் சாவெண்ணம் கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும் என 2004 முதலே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்து வருகிறது. மாத்திரை ஆபத்து என்று இதற்குப் பொருள் இல்லை. மருத்துவர் சொல்லாமல் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது, கண்காணிக்க ஒரு வீடு வேண்டும் என்றுதான் பொருள். உன்னால் வாட்ஸ்அப்பில் அந்த வீடாக இருக்க முடியாது.

சட்டத்தைக் கண்டும் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. 2012-இன் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உடலுறவுக்குச் சம்மதம் செல்லாது. தெரிந்தவர்கள் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். பதின்வயதினர் இருவரின் காதலைக் குற்றமாக்குவது அந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-இல் ஒரு தீர்ப்பில் எழுதினார். இருந்தாலும் சட்டம் சட்டமாகத்தான் இருக்கிறது. அதற்காகக் காதலைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தாலும், தூக்கம் போனதையும் சாவெண்ணம் வந்ததையும் மருத்துவரிடம் சொல்லத் தடை ஏதுமில்லை. தற்கொலைக்கு முயன்றால் வழக்கு வரும் என்ற பழைய பயமும் இனி வேண்டாம். 2017 மனநலச் சட்டம் அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளச் சொல்கிறது; தண்டிக்கச் சொல்லவில்லை.

பெற்றவர்களுக்கு ஒன்று. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் பக்கத்து மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு காப்பகம் எரிந்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்களில் பெரும்பாலோர் கொடியவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். தெரிந்த இடம் அது ஒன்றுதான். இன்று அப்படிச் சொல்ல முடியாது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்குச் சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம் ஒரு பஸ்ஸையே அனுப்பி, உள்ளே உட்காரவைத்து வீடியோவில் மருத்துவரைப் பார்க்கச் செய்தது, மருந்தும் பஸ்ஸிலேயே. குன்றக்குடிக்கோ குணசீலத்துக்கோ நேர்ந்துகொண்டால் போய்வாருங்கள், மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஊரில் யாருக்காவது நீங்கள் செவிலியாக இருக்க முடியுமா என்றும் யோசியுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை உங்களிடம் ஒன்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பதை மறுநாளைக்குத் தள்ளிவைக்க முடிகிறவர் யாரும் அதற்குப் போதும்.

இதுவரை நோயாளி பெண், தாங்குபவன் பையன் என்று சொல்லிவந்தேன். உண்மையில் மறுபக்கத்தைத்தான் அதிகம் பார்க்கிறோம். தாங்குவதற்கென்றே பெண்களைப் பழக்கி வைத்திருக்கிறோம். நீ போனால் செத்துவிடுவேன் என்று கையைக் கீறிக்கொள்பவனை நம் சினிமா பெரிய காதலனாகக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறது. அந்தப் பையனுக்கு வைத்தியம் வேண்டும், சந்தேகமில்லை. அவனைக் காப்பாற்ற அந்தப் பெண் அடி வாங்கிக்கொண்டோ போன் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டோ கூடவே கிடக்க வேண்டியதில்லை. அவன் வீட்டில் ஒருவரிடம் தெளிவாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டு அவள் விலகலாம். பதினேழு வயதில் தூக்கத்தையும் பரீட்சையையும் இழந்து இன்னொருவர் உயிருக்குக் காவல் இருப்பவர், சில மாதத்தில் தானும் ஒரு நோயாளியாகக்கூடும்.

குணமாகிறவர்கள் நிறையப் பேர். அதற்குப் பின் வருவதைத்தான் இளையவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அழுது, குளிக்காமல் கிடந்து, என்னென்னவோ பேசிய அந்த மாதங்களை முழுக்கப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். தேறி எழுந்து கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு அவன் முகத்தைப் பார்த்தாலே அந்த மாதங்கள் நினைவுக்கு வரலாம். நாம் இனி வேண்டாம் என்று அவள் சொல்லலாம். இவ்வளவும் செய்தேனே என்று அவனுக்கு வலிக்கும். வலிக்கட்டும். அவன் செய்தது கடன் கொடுத்தது அல்ல, வட்டியோடு திருப்பிக் கேட்க.