இத்தனைக்கும்

நம்முடைய பேச்சில் 'இத்தனைக்கும்' என்று ஒரு சொல் உண்டு. "பையன் மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறியிருக்கிறான், இத்தனைக்கும் தகப்பன் மூட்டை தூக்குகிறவன்" என்போம். "வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாள், பார், இத்தனைக்கும் ஆறு குழந்தைகள்" என்போம். பாராட்டுவதற்கென்றே பிறந்த சொல்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள்ளே ஒரு சின்னத் தராசு ஒளிந்துகொண்டிருக்கிறது. மூட்டை தூக்குகிறவனின் மகனிடம் நாம் எதிர்பார்த்தது கொஞ்சம், கிடைத்ததோ அதிகம். அந்த வித்தியாசத்தைத்தான் வியக்கிறோம். அந்த வியப்புக்கு அடியில் கிடப்பது, நாம் முன்கூட்டியே போட்டு வைத்திருந்த குறைந்த மதிப்பு.

இந்தச் சொல்லைப்பற்றி என்னை யோசிக்க வைத்தது பிரிகேடியர் முகமது உஸ்மானின் வாழ்க்கை. 1948-ல் காஷ்மீர் யுத்தத்தில் உயிரிழந்து, மகாவீர் சக்ரம் பெற்ற ராணுவ அதிகாரி அவர். அந்த யுத்தத்தில் மாண்ட இந்திய அதிகாரிகளில் பதவியால் மிக உயர்ந்தவர். அவர் கதையை யார் சொன்னாலும், எங்கோ ஓரிடத்தில் இந்தச் சொல் வந்துவிடுகிறது. "இந்த நாட்டுக்காக உயிரையே கொடுத்தார், இத்தனைக்கும் அவர் ஒரு முஸ்லிம்!"

சொல்கிறவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லுவதில்லை. பல சமயங்களில் கண்கள் கலங்கத்தான் சொல்கிறார். ஆனால் அந்தப் பாராட்டை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் உஸ்மான் உயிரோடு இருந்திருந்தால், அவருக்கு அது இனித்திருக்குமா, கசந்திருக்குமா? இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டுமானால் முதலில் அந்த மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்றைய உத்தரப் பிரதேசத்தில், மௌ பக்கத்திலுள்ள பீபீபூர் கிராமத்தில் 1912 ஜூலை 15-ஆம் தேதி பிறந்தவர் உஸ்மான். தகப்பனார் காசியில் போலீஸ் உத்தியோகத்தில் இருந்தவர். பன்னிரண்டு வயதிலேயே, கிணற்றில் விழுந்த ஒரு குழந்தையைக் காப்பாற்ற உள்ளே குதித்தவர் என்று அவரைப்பற்றிச் சொல்வார்கள். இங்கிலாந்தில் ஸாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயின்று, 1934-ல் அதிகாரியானார். மறுவருஷம் பத்தாவது பலூச் ரெஜிமெண்டில் சேர்ந்தார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பர்மாவைக் கண்டார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. மது அருந்துவதில்லை. சம்பளத்தில் பெரும் பகுதி ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போயிற்று.

அப்புறம் 1947 வந்தது. நாடு இரண்டாயிற்று, ராணுவமும் இரண்டாயிற்று. பீரங்கிகளையும் லாரிகளையும் கணக்கெடுத்துப் பங்கு போட்டதுபோல ரெஜிமெண்டுகளையும் பங்கு போட்டார்கள். பலூச் ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போயிற்று. சிப்பாய்க்கு ரெஜிமெண்ட் என்பது வெறும் உத்தியோகம் அல்ல. அதுவே அவனுக்குக் கூட்டுக்குடும்பம். அதன் கொடி, அதன் பழைய யுத்தங்களின் பெயர்கள், அதன் சாப்பாட்டு மேஜையில் பரம்பரையாகச் சொல்லிவரும் கேலிக் கதைகள் எல்லாமே அவனுடைய சொத்து. பன்னிரண்டு வருஷம் அந்தக் குடும்பத்தில் வாழ்ந்தவர் உஸ்மான். குடும்பம் அக்கரைக்குப் போகிறது. கூடவே வா என்று கூப்பிடுகிறது. ஜின்னாவும் லியாகத் அலி கானுமே அவரை அழைத்தார்கள் என்றும், பாகிஸ்தான் சேனைக்கே பிற்காலத்தில் தலைவராகலாம் என்று ஆசை காட்டினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. உஸ்மான் போகவில்லை. இந்தியாவில் இருந்தார். டோக்ரா ரெஜிமெண்டுக்கு மாற்றப்பட்டார்.

இங்கே வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். 1947-ல் சென்னையிலோ மதுரையிலோ இருந்த ஒரு ஹிந்து அதிகாரியிடம் "நீ எந்த நாட்டான்?" என்று யாரும் கேட்கவில்லை. அவன் பதில் சொல்லவும் இல்லை. பிறப்பு அவனுக்காகப் பதில் சொல்லிவிட்டது. உங்களுடைய தேசபக்தியும் என்னுடைய தேசபக்தியும் இப்படி நமக்குப் பிதுரார்ஜிதமாக வந்தவை. பிதுரார்ஜிதச் சொத்தை அனுபவிப்பதில் தவறில்லை. ஆனால் அதைச் சம்பாதித்தவன்போல மார்தட்டிக்கொள்ள முடியாது. உஸ்மானிடம் கேள்வி கேட்கப்பட்டது. இன்னொரு வழி திறந்திருந்தது. அந்த வழியில் பதவி இருந்தது, பழைய தோழர்கள் இருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொன்னார்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியரான என் நண்பர் ஒருவர் இவ்விஷயத்தில் என்னோடு நெடுநேரம் வாதாடியிருக்கிறார். கம்ப ராமாயணத்தில் தோய்ந்தவர். "இது விபீஷணன் விவகாரம்தானே, ஐயா? தம்முடையவர்களை விட்டுவிட்டுத் தர்மத்தின் பக்கம் வந்தவர் உஸ்மான்" என்றார். நம் ஊர்ப் பட்டிமன்றங்களில் கும்பகர்ணனா விபீஷணனா என்று விடிய விடிய வாதிடுகிறோமே, அந்தத் தராசில் உஸ்மானையும் வைத்துவிட்டார்.

உவமை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நான் ஒப்பவில்லை. விபீஷணன் கடலைத் தாண்டி வந்தவன். எதிரியின் அரண்மனையிலிருந்து வந்தவன். ராமனின் பாசறை வாசலில் அடைக்கலம் கேட்டு நின்றவன். அவனை நம்பலாமா கூடாதா என்று வானர வீரர்கள் ஆலோசனை செய்ததில் நியாயம் உண்டு. உஸ்மான் எங்கிருந்து வந்தார்? காசிக்குப் பக்கத்திலிருந்து. யாருடைய வாசலிலும் அவர் வந்து நிற்கவில்லை. தம்முடைய வீட்டில், தம்முடைய கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். வீட்டை விட்டுப் போகிறாயா என்று கேட்டதற்கு, போகவில்லை என்றார். அவ்வளவுதான். வீட்டுப் பிள்ளையை விருந்தாளியாக்கி, "அடடா, விருந்தாளி எவ்வளவு விசுவாசமாக இருக்கிறார்!" என்று வியப்பதுதான் 'இத்தனைக்கும்' செய்யும் வேலை.

நண்பர் விடவில்லை. "அப்படியானால் கர்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜ்யமே தருகிறோம் என்றபோதும் செஞ்சோற்றுக் கடனுக்காக நின்றவன்" என்றார். இது இன்னும் நெருக்கமான உவமை. ஆனால் கர்ணன் நின்றது ஒரு மனிதன் செய்த உபகாரத்துக்காக. தான் நின்ற பக்கம் அநியாயத்தின் பக்கம் என்று தெரிந்தும் நின்றான். உஸ்மான் நின்ற பக்கத்தில், எல்லா மதத்தாரும் சேர்ந்து வாழலாம் என்ற ஒரு கொள்கை இருந்தது. அந்த 1947-ல், ரெயில் வண்டிகளில் பிணங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கொள்கையை நம்புவதற்கு ஆதாரங்கள் மிகக் குறைவு. நிரூபணமான பிறகு நம்புவது எளிது. கண் எதிரே பொய்யாகிக்கொண்டிருக்கும்போது ஒன்றை நம்பி, அதற்காகத் தன் பழைய குடும்பத்தை இழப்பது வேறு விஷயம். போர்க்களத்துக்குப் போகும் முன்பே அவர் தம் பெரிய வீரச்செயலைச் செய்து முடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

போர்க்களத்துக் கதையும் சிறிதல்ல. 1947 டிசம்பரில், ஜம்மு பிரதேசத்து நௌஷேராவில், 50-ஆவது பாராசூட் பிரிகேடின் தலைமை அவருக்கு வந்தது. அதே மாதக் கடைசியில் ஜாங்கர் கைவிட்டுப் போயிற்று. மீர்ப்பூரிலிருந்தும் கோட்லியிலிருந்தும் வரும் சாலைகள் கூடும் இடம் அது. ஜாங்கரை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று உஸ்மான் சங்கல்பம் செய்துகொண்டார். மலைப்பிரதேசத்துக் குளிரில் தரையில் பாய் விரித்துப் படுத்தார்.

1948 பிப்ரவரி முதல் தேதி கோட் என்ற இடத்தைப் பிடித்தார்கள். 6-ஆம் தேதி விடியற்காலையில் ஆயிரக்கணக்கானவர்கள் நௌஷேராமீது வந்து விழுந்தார்கள். தைந்தார் மேட்டில் ஒரு காவல் நிலையில் இருபத்தேழு பேர் நின்று தாங்கினார்கள். அவர்களில் இருபத்து நான்கு பேர் இறந்தோ காயமுற்றோ விழுந்தார்கள். அந்தக் காவல் நிலையில் ஒரு சிறு பிரிவுக்குத் தலைவனான ராஜபுத்திர ரெஜிமெண்டின் நாயக் யதுநாத் சிங், கடைசியில் தனியாளாகப் பாய்ந்து உயிர் விட்டார். அவருக்குப் பரமவீர் சக்ரம் கிடைத்தது. நௌஷேரா பிழைத்தது. 'நௌஷேராவின் சிங்கம்' என்று உஸ்மானுக்குப் பெயர் வந்தது. அவர் தலைக்கு எதிரிகள் 50,000 ரூபாய் விலை வைத்தார்கள் என்பார்கள். மார்ச் 18-ஆம் தேதி ஜாங்கர் மீண்டது. பிரிகேடியருக்குக் கட்டில் வேண்டும். முகாமிலோ கட்டில் இல்லை. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒன்றை இரவல் வாங்கி வந்தார்களாம்.

யதுநாத் சிங்கின் கதையைச் சொல்லும்போது யாராவது 'இத்தனைக்கும்' என்கிறார்களா? இல்லை. ஒரே மண்ணில், ஒரே நாளில், ஒரே எதிரியை எதிர்த்து நின்ற இரண்டு பேர். ஒருவருடைய வீரத்துக்குக் காரணம் கேட்காமல் வணங்குகிறோம். மற்றவருடைய வீரத்தை வணங்கும் முன் ஒரு கணம் ஆச்சரியப்படுகிறோம். அந்த ஒரு கணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

உஸ்மானை நான் தெய்வமாக்கவில்லை. நௌஷேராவில் அநாதையாகத் திரிந்த சிறுவர்களைத் திரட்டி, சோறு போட்டு, எழுத்தும் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார், நல்ல காரியம். ஆனால் சண்டை நடந்தபோது அந்தப் பிள்ளைகள் குண்டு மழைக்கு நடுவே செய்தி கொண்டு ஓடினார்கள். அவர்களில் மூவரைப் பிரதமர் நேரு பாராட்டிக் கௌரவித்தார் என்றும் படிக்கிறோம். அந்தப் பாராட்டைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. குழந்தைகள் ஓட வேண்டிய இடமா அது? யுத்தம் நல்ல மனிதர்களைக்கொண்டும் இப்படிச் செய்விக்கும். வீரனை மதிப்பதற்காக யுத்தத்தையும் மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்கிறேன். எதிரே நின்றவர்களும் அவர் தொழுத திசையையே நோக்கித் தொழுதவர்கள். அவருடைய பழைய ரெஜிமெண்டோ எல்லைக்கு அப்பால் இருந்தது. உற்றாரும் ஆசிரியரும் எதிரே நிற்பதைக் கண்டு காண்டீவத்தைக் கீழே போட்ட அர்ச்சுனனின் கலக்கம் இவருக்கும் இருந்திருக்காதா? அதைப்பற்றி அவர் யாரிடம் பேசினாரோ, பேசாமலே வைத்துக்கொண்டாரோ! நாவலாசிரியனாகிய எனக்கு, பாய் விரித்த தரையில் விழித்தபடி கிடந்த அந்த இரவுகள்தான் பீரங்கிச் சத்தத்தைவிடப் பெரியவையாகத் தெரிகின்றன.

சிலர் கேட்கலாம்: "சந்தேகம் இருந்த காலத்தில், தம் சமூகத்தின் விசுவாசத்தை அவர் நிரூபித்துக் காட்டினார் என்று சொல்லுவதில் என்ன தவறு?" தவறு இருக்கிறது. நிரூபிக்கப் புறப்பட்டவன் நிரூபணமானதும் ஓய்ந்துவிடுவான். நௌஷேரா வெற்றியோடு உஸ்மானின் பெயர் நாடெங்கும் பரவிவிட்டது; அதற்குமேல் நிரூபிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் ஜாங்கர் மீளும்வரை அவர் தரையில்தான் படுத்தார். மீண்ட பிறகும் அங்கேயே இருந்தார். ஊருக்காகச் செய்கிறவன் இப்படிச் செய்ய மாட்டான். வேலை முடியவில்லை என்று நினைக்கிறவன்தான் செய்வான்.

நிரூபணம் என்று ஒப்புக்கொண்டால் இன்னொரு அநியாயமும் தொடரும். ஒருவர் உயிர் கொடுத்து நிரூபித்தார் என்றால், உயிர் கொடுக்காத மற்றவர்கள் இன்னும் நிரூபிக்கவில்லை என்றல்லவா ஆகிறது? கடை வைத்துப் பிழைக்கிறவனும், தையல் இயந்திரம் மிதிக்கிறவனும், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தருகிறவனும் தங்கள் பக்திக்கு எந்தப் போர்க்களத்திலிருந்து சாட்சி கொண்டுவருவார்கள்? என்னிடம் யாரும் சாட்சி கேட்டதில்லை. அயலானிடம் மட்டும் கேட்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை.

1948 ஜூலை 3-ஆம் தேதி மாலை, ஜாங்கரில், எதிரியின் பீரங்கிக் குண்டு ஒன்று உஸ்மானின் அருகே விழுந்து வெடித்தது. அந்த இடத்திலேயே உயிர் போயிற்று. முப்பத்தாறு வயது நிறைய இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. டில்லிக்குக் கொண்டுவந்து, அரசாங்க மரியாதையுடன் ஜாமியா மிலியா வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். நேருவும் வந்து நின்றார். 2020-ல் அந்தச் சமாதி சேதமடைந்து கிடந்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. ராணுவத்தார் அதைச் சீர்செய்தார்கள். கல் எப்படி உடைந்தது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அது உடைந்து கிடந்தது என்று செய்தி வரும்வரை எத்தனை பேர் அதை நினைத்தோம்?

அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதையாக எனக்குத் தோன்றுவது மிகச் சாதாரணமானது. உங்கள் குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். பீபீபூரில் பிறந்தார், நௌஷேராவைக் காத்தார், ஜாங்கரை மீட்டார், அங்கேயே மாண்டார் என்று சொல்லுங்கள். முகமது உஸ்மான் என்ற பெயரையும் முழுதாகச் சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வரும். அதை மட்டும் விழுங்கிவிடுங்கள்.