இறைவனின் சித்தமும் மனிதனின் கடமையும்

துன்பம் நேரும்போது, ‘எல்லாம் இறைவன் சித்தம்’ என்று மனிதன் கூறுகிறான். தன்னை முழுவதும் இறைவனிடம் ஒப்படைத்துவிட்ட பக்தனும் இதையே சொல்கிறான். கடமையைத் தட்டிக்கழிக்க விரும்புபவனும் இதையே சொல்கிறான். சொல் ஒன்றுதான், மனநிலையோ வேறு. இவ்வேற்றுமையை அறிவது எப்படி? கிறிஸ்தவ மரபு இதற்கு ஏசுநாதரின் வாழ்விலேயே விடை காண்கிறது.

சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தைய இரவு. சீடர்களுடன் இறுதி உணவை முடித்துக்கொண்டு அவர் கெத்சமனித் தோட்டத்திற்குச் செல்கிறார். வரப்போகும் வேதனையை அவர் அறிவார். உள்ளம் கலங்குகிறது. முகம்குப்புற விழுந்து, கூடுமானால் இத்துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டும் என்று தந்தையிடம் மன்றாடுகிறார். ஆயினும் தமது விருப்பமன்று, தந்தையின் விருப்பமே நிறைவேறட்டும் என்று பிரார்த்தனையை முடிக்கிறார். மும்முறை இவ்வாறு வேண்டியதாக மத்தேயுவின் நற்செய்தி கூறுகிறது. பின்னர், உறங்கிக்கொண்டிருந்த சீடர்களை எழுப்பி, தம்மைக் காட்டிக்கொடுக்க வருபவனை எதிர்கொள்ளப் புறப்படுகிறார்.

சரணாகதி என்பது உணர்ச்சியற்றுப் போவதன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அஞ்சுவதும் அழுவதும் வேண்டுவதும் குற்றமல்ல. வேண்டுகோளை மறைக்காமல் இறைவன் முன் வைத்து, முடிவை மட்டும் அவரிடம் விட்டுவிடுவதே சரணாகதி. அவ்வாறு விட்டுவிட்டவன் ஓய்ந்து படுப்பதில்லை, எழுந்து நடக்கிறான்.

இங்கு மற்றோர் உண்மையும் கவனிக்கத்தக்கது. ஏசுநாதர் இறைசித்தம் என்று ஏற்றுக்கொண்டது தமது துன்பத்தையே. தம்மிடம் வந்த நோயாளிகளிடம், இது இறைசித்தம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதில்லை, குணப்படுத்தினார். பசித்திருந்த கூட்டத்திற்கு உபதேசத்தோடு உணவும் அளித்தார்.

இவ்வழியில் வாழ்ந்து காட்டியவர் பெல்ஜிய நாட்டில் 1840-ஆம் ஆண்டு பிறந்த தந்தை டேமியன். அக்காலத்தில் ஹவாய்த் தீவுகளின் அரசு, தொழுநோயாளிகளைக் குடும்பத்தினின்று பிரித்து மொலக்காய் தீவிற்கு அனுப்பி வந்தது. ஒருபுறம் செங்குத்தான மலை, மறுபுறம் கடல், சென்றவர் திரும்புவதில்லை. 1873-ஆம் ஆண்டு மே மாதம் டேமியன் தாமே விரும்பி அங்குச் சென்றார். அவர்களுடைய நிலையை விதி என்று சொல்லி அவர் கைகட்டி நிற்கவில்லை. புண்களைக் கழுவிக் கட்டினார்; வீடுகள் கட்டினார்; தண்ணீர்க் குழாய் அமைத்தார்; இறந்தோருக்குச் சவப்பெட்டி செய்தார்; அரசிடம் அவர்களுக்காக இடைவிடாது வாதாடினார்.

1884-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், கொதிக்கும் நீரில் அவரது கால் பட்டது, வலி தெரியவில்லை. நோய் தம்மையும் பற்றிவிட்டதை அவர் உணர்ந்தார். அப்போதும் மருத்துவத்தை அவர் ஒதுக்கவில்லை. 1886-இல் ஹொனலூலு சென்று சிகிச்சை பெற்றார். நோய் குணமாகவில்லை. அதை அமைதியாக ஏற்றுக்கொண்டு, இறுதிக் காலம் வரை பணியாற்றினார். 1889 ஏப்ரல் 15-ஆம் நாள் தமது 49-ஆம் வயதில் உயிர் நீத்தார். 2009-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

பிறர் நோயைக் கண்டபோது போராடிய அதே மனிதர், தம் நோயின் முன் பணிந்தார். இவ்விரண்டும் முரணல்ல, ஒரே நம்பிக்கையின் இரு முகங்கள். தனக்கு நேரும் துன்பத்தில், ‘உமது சித்தம் ஆகட்டும்’ என்பது பக்தி. அதே சொல்லை அழுபவனிடம் கூறிவிட்டு நகர்வது பக்தி ஆகாது. அங்கு உண்மைப் பக்தன் இறைவனிடம் கேட்க வேண்டியது, ‘உமது சித்தப்படி இவனுக்கு நான் செய்ய வேண்டியது என்ன?’ என்பதே. விடை பெரும்பாலும் அருகிலேயே காத்திருக்கும்: கழுவ வேண்டிய ஒரு புண்ணாக, ஊட்ட வேண்டிய ஒரு கவளமாக.