பொடி எழுத்து

அக்கா மகன் கார் வாங்கியபோது டெஸ்ட் டிரைவுக்கு நானும் போயிருந்தேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்சீட்டில் என் முதுகு அப்படியே ஒட்டிக்கொண்டது. எண்பதைத் தாண்டியதும் 'பீப்' சத்தம். 2019 ஜூலையிலிருந்து இந்தியாவில் தயாராகும் கார்களில் அது கட்டாயம். 120-ஐத் தாண்டினால் விடாமல் கத்தும். "மாமா, இதை ஆஃப் பண்றது எப்படின்னு யூடியூப்ல இருக்கு" என்றான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றுவரை உறுத்துகிறது.

வேகத்தைக் காட்டி விற்கும் கார் விளம்பரங்களைக் குறை சொன்னால் உடனே வரும் பதில், "வாங்குறவனுக்கு அறிவு வேண்டாமா?" வேண்டும்தான். கத்தி செய்தவன்மேல் யாரும் கொலைப்பழி போடுவதில்லை. ஆனால் கத்தி விற்பவன் காய் நறுக்கிக் காட்டித்தானே விற்கிறான்?

2018-இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் ஃபோர்டு மஸ்டாங் விளம்பரம் ஒன்றைத் தடைசெய்தது. அன்றாட எரிச்சல்களில் குமுறும் மனிதர்கள், பின்னணியில் டிலன் தாமஸின் கவிதை, கடைசியில் ஒருவர் மஸ்டாங்கில் போகிறார். கோபத்துக்கு வடிகால் கார் ஓட்டுவது என்று அர்த்தம் வருகிறது என்றது ஆணையம். இத்தனைக்கும் கார் அதில் சீறிப் பாயவில்லை. இது ரொம்ப ஓவர் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. யோசித்தால், அவர்கள் கைவைத்த இடம் சரி. அந்த விளம்பரம் விற்பது வேகத்தை அல்ல, 'நான் மற்றவர்களைப்போல் இல்லை' என்ற நினைப்பை. அந்த நினைப்பு வந்துவிட்டால் எந்த விதியும் மற்றவர்களுக்கானதாகிவிடும். வாங்குபவனிடம் நாம் எதிர்பார்க்கும் அந்த அறிவைத் தூங்கவைக்கத்தான் இத்தனை பணமும் இசையும். பிறகு திரையின் அடியில், பயிற்சி பெற்றவர்கள் ஓட்டியது, முயல வேண்டாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி. படித்து முடிப்பதற்குள் போய்விடும்.

நிறுவனங்களால் முடியாததில்லை. வோல்வோ 2020 முதல் தன் கார்களின் உச்ச வேகத்தை 180 கிலோமீட்டரோடு நிறுத்தியது. ஜெர்மன் நிறுவனங்கள் சில தமக்குள் பேசி 250-இல் பூட்டுப் போட்டுக்கொண்டன. நம் சாலைக்கு 250 ஒரு நகைச்சுவை. ஆனாலும் பூட்டுப் போடத் தெரியும் என்று ஆகிறதல்லவா?

மிதிப்பது வாங்கியவனின் கால்தான், அந்தப் பொறுப்பை நான் குறைக்கவில்லை. நாம்தான் இந்த வழக்கில் இரண்டே தரப்பு என்பதுபோல் வாதாடிக்கொண்டிருக்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையை இருட்டில் மீன்கூடையோடு கடக்கும் அம்மா காரும் வாங்கவில்லை, விளம்பரமும் பார்க்கவில்லை. தூரத்து விளக்கைப் பார்த்து, கடந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறாள். எண்பதில் வரும் வண்டிக்கு அந்தக் கணக்கு சரி.

போன வாரம் அக்கா மகனோடு அதே காரில் போனேன். எண்பதைத் தாண்டியும் சத்தமே இல்லை.

"ஆஃப் பண்ணிட்டேன் மாமா. தலைவலி."

இந்த முறை சிரிக்கவில்லை. "கொஞ்சம் மெதுவாப் போடா" என்று மட்டும் சொன்னேன். சரி மாமா என்றவன், அடுத்த சிக்னல்வரை மெதுவாகத்தான் போனான்.